தேய்த்த ரூபாயும் தேய்க்காத ரூபாயும்

எனக்குப் பொறாமை உண்டு. சிலர் இதைச் சொல்ல வெட்கப்படுவார்கள், வேறு பெயர் வைத்துச் சொல்வார்கள், ஆதங்கம் என்பார்கள், மனத்தாங்கல் என்பார்கள். என்னுடையது சுத்தமான பொறாமை. என் ஓரகத்திமேல், அதாவது என் கொழுந்தனாரின் மனைவிமேல், அவள் எங்கள் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து இருபத்திரண்டு வருடமாக எனக்கு வயிறு எரிந்துகொண்டிருக்கிறது.

அவள் மறையூர்ப் பெண். கரும்பு போட்டு வெல்லம் காய்ச்சுகிற குடும்பம். கல்யாணமாகி வந்த மறுநாள் காலை எட்டு மணி வரை தூங்கினாள். நான் அதே வீட்டுக்கு மருமகளாக வந்த மறுநாள் நாலரை மணிக்கு எழுந்து, யாரும் சொல்லாமலே வாசல் தெளித்து, மாட்டுக்குத் தண்ணீர் காட்டி, மூத்த மருமகள் கெட்டிக்காரி என்று பெயர் வாங்கியவள். இவளுக்கும் ஒரு பெயர் வைப்பார்கள் என்று எட்டு வரைக்கும் ஆவலாகக் காத்திருந்தேன். என் மாமியார் அடுப்படிக்கு வந்து, பாத்திரத்தைச் சத்தமில்லாமல் வை என்று எனக்குச் சைகை காட்டினார்.

"மலையெறங்கி வந்த களைப்பு. புள்ள தூங்கட்டும், உடு" என்றார்.

நானும் பயணம் செய்து வந்தவள்தான். பொள்ளாச்சிக்கு அந்தப் பக்கமிருந்து, வேனில், வழியெல்லாம் வாந்தி எடுத்துக்கொண்டு. என் களைப்பைப் பற்றி யாரும் பேசியதாக நினைவில்லை.

அன்று தொடங்கியதுதான். அவள் வைத்த ரசத்தில் புளி தூக்கலாக இருந்தால் அன்றைக்கு எல்லாருக்கும் புளி பிடித்திருக்கும். நான் வைத்ததில் அரைக்கல் உப்பு கூடினால் என் மாமனார் இரண்டு செம்பு தண்ணீர் குடித்துக் காட்டுவார். அவள் எதற்கும் சிரிப்பாள். திட்டினாலும் சிரிப்பாள். தப்புச் செய்துவிட்டு, "அய்யோ, போச்சுங்கக்கா" என்று என் தோளைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். அந்தச் சிரிப்பைப் பார்த்து வீடே சிரிக்கும். நான் மட்டும் உள்ளே போய் ஏதாவது பாத்திரத்தைத் துலக்கிக்கொண்டிருப்பேன்.

இப்போது காசு விஷயத்துக்கு வருகிறேன்.

என் மாமியாரிடம் ஒரு பித்தளைத் தூக்கு இருந்தது. அதற்குள் துணி முடிச்சில் பழைய வெள்ளி ரூபாய்கள். என் மாமனாரின் அப்பா ஒரு வருடம் கடலைக்காய் விற்று வாங்கிய ரூபாய்களைச் செலவு செய்யாமல் அப்படியே முடிந்து வைத்ததாம். எல்லாம் ஒரே வருடத்துக் காசு. எல்லாவற்றிலும் ஒரே ராஜா. மகுடம் இல்லாத தலை என்பதால் எங்கள் பக்கத்தில் மொட்டை ராஜா என்போம். வீட்டுக்கு வருகிற மருமகளுக்கு அந்த முடிச்சிலிருந்து ஐந்து ரூபாய் எடுத்துக் கொடுப்பது வழக்கம். எனக்கு ஐந்து கொடுத்தார். எட்டு வருடம் கழித்து அவள் வந்தபோது அவளுக்கும் ஐந்து கொடுத்தார். எனக்குக் கொடுத்த நாளில் என் ஐந்தையும் பிறகு அவளுக்குப் போன ஐந்தையும் முடிச்சுக்குள் கலந்து போட்டிருந்தால், எது யாருடையது என்று யாராலும் பிரித்திருக்க முடியாது.

சித்திரை ஒன்றாம் தேதி எங்கள் வீட்டில் கனி வைப்போம். பக்கத்து மலையாளத்து வீடுகளில் அதே விடியலில் விஷு. கண்ணாடிக்கு முன்னால் தாம்பாளத்தில் பலா, வெள்ளரி, எலுமிச்சை, கொன்றைப்பூ, வெள்ளிக் காசு. விடிந்ததும் கண்ணை மூடிக்கொண்டு போய் அதன்முன் திறக்க வேண்டும். கண்ணில் முதலில் படுவது பளபளப்பாக இருந்தால் வருடமெல்லாம் அப்படியே இருக்கும் என்பது எங்கள் நம்பிக்கை. அதனால் முதல் நாளே காசைத் தேய்த்து வைக்க வேண்டும். எங்கள் வீடுகளில் வெள்ளிக்குத் திருநீறுதான். ஈரத் துணியில் திருநீற்றைத் தொட்டு, ராஜாவின் முகம் கண்ணாடியாகும் வரை தேய்ப்பேன். முன்பக்கம், பின்பக்கம், விளிம்பு. ஒரு வருடம்கூடத் தவறியதில்லை. தீட்டு வந்த வருடத்தில்கூடக் குளித்துவிட்டு வந்து தள்ளி உட்கார்ந்து தேய்த்தேன். "மூத்தவ தேச்சா வெள்ளி வெள்ளியாட்டம் இருக்கும்" என்று என் மாமியார் ஒரே ஒருமுறை சொன்னார். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அடுத்த இருபது வருடமும் தேய்த்தேன் என்று இப்போது தோன்றுகிறது.

அவளோ தன் ஐந்தையும் தன் கல்யாணப் பத்திரிகையில் மிச்சமான ஒரு கவருக்குள் போட்டு, பீரோவில் சேலைக்கு அடியில் செருகிவிட்டாள். கனிக்கு எடுத்து வா என்றால், "உங்களுது இருக்குதுல்லங்கக்கா, சாமிக்கு அது போதும்" என்பாள். கொழுந்தனாருக்குக் கஞ்சிக்கோட்டில் வேலை கிடைத்து எலப்புள்ளிக்குத் தனிக்குடித்தனம் போனபோது கவரும் அவளோடு போனது. அங்கே அவள் வைத்த கனியைப் பார்க்கப் போனேன். வெள்ளி இருக்க வேண்டிய இடத்தில் சில்லறைக் காசுகள் கிடந்தன. ஆனால் அந்த வருடம்தான் அவள் கணவனுக்கு உத்தியோக உயர்வு வந்தது. என் வீட்டில் இரண்டு மாடு செத்தது.

நான் எங்கள் ஊர்ப் பால் சொசைட்டியில் காலையும் மாலையும் பால் பார்க்கிறவள். கோபாலபுரம் செக்போஸ்ட்டுக்கு இந்தப் பக்கம் உள்ள எந்த வீட்டுக் கேனில் எவ்வளவு தண்ணீர் என்று மூடியைத் திறக்கும்போதே சொல்வேன். கருவி அதற்கப்புறம்தான். இந்தக் கண்ணை நம்பித்தான், சில வருடங்களுக்கு முன் கைபேசியில் பழைய காசு ஏலக் குழு ஒன்று இருப்பது தெரிந்ததும், என் ஐந்து ரூபாயையும் படமெடுத்து அனுப்பினேன். மாமியார் இறந்து கனி வைப்பதும் சுருங்கிப்போயிருந்தது. மற்றவர்கள் போட்டிருந்த கறுத்த, அழுக்குக் காசுகளுக்கு நடுவில் என்னுடையது வைரம்போல் ஜொலித்தது. ஏலக்காரர் அசந்துபோவார் என்று நினைத்தேன்.

அவர் கூப்பிட்டார். பொள்ளாச்சிப் பக்கத்து ஆள், பொறுமையான குரல்.

"ஏனுங்கம்மா, துண்ணூறுங்களா, புளியுங்களா?"

"எதுக்குங்க?"

"காசத் தேச்சதுக்குங்க."

"துண்ணூறுதானுங்க. சுத்தமான பசுஞ்சாணித் துண்ணூறு" என்றேன் பெருமையாக.

"அதானுங்க பாத்தேன். ராஜா மூஞ்சி பூராக் கீறலா இருக்குதுங்க. தேய்க்காம வெச்சிருந்தா இது வேற காசுங்கம்மா. இப்ப வெள்ளி எடைக்குத்தான் போகும்."

போனை வைத்துவிட்டேன். காது இரண்டும் சூடாகிவிட்டன. இருபத்தைந்து வருட உழைப்பை ஒருவன் கீறல் என்கிறான். பொய் சொல்கிறான், அடிமாட்டு விலைக்குக் கேட்கிறான் என்று நினைத்தேன். அவனைப் பொய்யனாக்குவதற்காகவே கோயம்புத்தூருக்குப் போய், கண்ணில் வைத்துப் பார்க்கிற சின்ன லென்ஸ் ஒன்று வாங்கி வந்தேன். காசை ஜன்னலோரம் சாய்த்துப் பிடித்து லென்ஸ் வழியாகப் பார்த்தேன். ராஜாவின் கன்னம், கழுத்து, தலைக்கு முன்னால் உள்ள வெற்றிடம், எல்லாவற்றிலும் முடியிழைபோல ஆயிரம் கோடுகள். வட்டவட்டமாக, என் கை சுழன்ற போக்கிலேயே. அந்த மனிதர் சொன்னது உண்மைதான்.

அதற்குப் பிறகு எனக்கு அது ஒரு வெறியாகிவிட்டது. கற்றுக்கொண்டேன். காசு புழங்கினால் முதலில் மேடான இடம்தான் மழுங்கும். மொட்டை ராஜா என்றால் காதும் காதுக்கு மேலே உள்ள முடியும். அங்கே முடி தனித்தனியாகத் தெரிந்தால் அது கைபடாத காசு. பின்பக்கத்து மகுடத்தில் கற்கள் உருண்டையாக இருக்க வேண்டும், தட்டையாக இருந்தால் சந்தை சந்தையாகச் சுற்றியது. பிறகு வெளிச்சம். அச்சடித்தபடியே இருக்கும் காசை விளக்கின்கீழ் சாய்த்தால் ஒளி அதன்மேல் வண்டிச் சக்கரத்து ஆரக்கால்போலச் சுற்றும். தேய்த்த காசில் ஒளி சுற்றாது, மொத்தமும் ஒரே பளிச்சென்று நிற்கும். தெரியாதவர்களுக்கு அந்தப் பளிச்தான் அழகு. கறுப்பு வேறு விஷயம். வெள்ளி தன் வயதில் தானாகப் போட்டுக்கொள்ளும் தோல் அது. அழுக்கு இல்லை. சில காசுகளில் அந்தத் தோல் நீலமும் ஊதாவுமாக நிறம் பிடிக்கும். அதற்காக ஆட்கள் அடித்துக்கொள்வார்கள்.

ஏலக்காரரே பிறகு என்னைக் கேட்டார். இந்தப் பக்கத்து ஆட்கள் கொண்டுவரும் காசுகளை நேரில் பார்த்து, படமெடுத்து, நிலை எழுதிக் கொடுக்க முடியுமா என்று. எழுதினேன். 'காது முடியில் லேசான மழுங்கல், ஓரத்தில் இடிபட்ட ஒரு பள்ளம், ஒளி முழுதாக உண்டு.' 'மாலையில் கோத்திருந்தது, மேலே பற்றவைத்த தழும்பு.' 'தேய்க்கப்பட்டது.' இந்தக் கடைசி வார்த்தையை நான் எழுதினால் விற்பவர் முகம் சுண்டிவிடும். சித்தூரிலிருந்து வந்த ஒருவர் என்னிடம் சண்டைக்கே வந்தார். மாற்றி எழுத மாட்டேன் என்றேன். இரண்டு வருடத்தில், அந்த அம்மா எழுதினால் படம்கூடப் பார்க்க வேண்டாம் என்று ஏலம் கேட்பவர்கள் சொல்கிறார்களாம். என் வாழ்க்கையில் என் ஓரகத்தியோடு சேர்த்து யாரும் பேசாத ஒரே பெயர் அதுதான். மாமியாரும் இல்லை, மறையூரும் இல்லை, நானே சம்பாதித்தது.

போன வருடம் ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அவள் வந்தாள். எலப்புள்ளியிலிருந்து பஸ்ஸில், கையில் ஒரு பை வெல்லத்தோடு. வந்ததும் வராததுமாக என் கட்டிலில் சாய்ந்துகொண்டு பேச ஆரம்பித்தாள். கொழுந்தனாருக்கு முதுகுவலி வந்ததிலிருந்து அவளும் கஞ்சிக்கோட்டில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலைக்குப் போகிறாள். பஸ்ஸுக்கு நின்று நின்று கால் வீங்குகிறது. பேட்டரி ஸ்கூட்டர் ஒன்று வாங்க ஆசை.

"இந்த வயசுல ஸ்கூட்டரா?" என்றேன்.

"பழகீட்டனுங்கக்கா. பக்கத்து ஊட்டுப் புள்ளையோட வண்டியில. ரெண்டு வாட்டி உளுந்தேன்" என்று முழங்கையைத் திருப்பிக் காட்டிச் சிரித்தாள். பிறகு பையிலிருந்து அந்தக் கல்யாணப் பத்திரிகைக் கவரை எடுத்தாள். "இதைய வித்துக் குடுங்கக்கா. உங்களுக்குத்தான் இதெல்லாம் தெரியுமே. கருத்துப் போச்சு. நான் எங்க உங்களாட்டத் தேச்சு வெச்சேன்?"

கவரைச் சாய்த்தேன். ஐந்தும் என் உள்ளங்கையில் விழுந்தன.

லென்ஸே வேண்டியிருக்கவில்லை. இருந்தாலும் ஜன்னலுக்குப் போனேன். விளிம்பில் கருநீலம். உள்ளே ஊதா. அதற்குள் தேன் நிறம். நடுவில் ராஜாவின் கன்னத்தில் மட்டும் வெள்ளி, பனி படிந்தாற்போல. சாய்த்தேன். அத்தனை நிறத்துக்கும் அடியில் ஒளி மெல்லச் சுற்றி வந்தது. காதுக்கு மேலே முடி ஒவ்வொன்றாக எண்ணலாம். இரண்டாவதும் அப்படி. மூன்றாவது அதைவிட. நான் பார்த்த நூற்றுக்கணக்கான ரூபாய்களில் இப்படி ஐந்து சேர்ந்து பார்த்ததில்லை. பத்திரிகைக் கவரின் காகிதம் இருபது வருடத்துக்கு மேலாக அந்த நிறத்தை ஏற்றியிருக்கிறது. அவள் ஒரு விரலைக்கூட அசைக்கவில்லை.

என் காசுகளும் இதே முடிச்சுதான். இதே ராஜா. நான் ஒன்றுமே செய்யாமல் இருந்திருந்தால், அவளைப்போல எட்டு மணி வரை தூங்கியிருந்தால், என்னுடையதும் இப்படி இருந்திருக்கும். என் உழைப்பு என் காசைக் கெடுத்தது, அவளுடைய சோம்பேறித்தனம் அவள் காசைக் காப்பாற்றியது. இது எந்த ஊர் நியாயம் என்று கத்த வேண்டும்போல இருந்தது. கட்டிலில் அவள் வெல்லத்தைக் கடித்தபடி காலை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

"என்னங்கக்கா, ரொம்ப மோசமா?" என்று கேட்டாள்.

நான் திரும்பவில்லை. ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னேன்.

"இப்படிக் கருக்கட்டிப் போயிக் கெடந்தா எவன் ஏலம் கேப்பான்? துண்ணூறு போட்டு நல்லாத் தேச்சுட்டுக் கொண்டா."

"நீங்க கனிக்குத் தேப்பீங்களே, அந்த மாதிரியா?"

"அந்த மாதிரித்தான்."

"செரிங்கக்கா" என்று கவரை வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டு, என்னோடு காப்பி குடித்துவிட்டுச் சாயங்காலப் பஸ்ஸில் போய்விட்டாள்.

பஸ் கிளம்பிய பிறகு எனக்குச் சந்தோஷம் வந்தது. பொய் சொல்ல மாட்டேன், நல்ல சந்தோஷம். அன்று இரண்டு தோசை கூடச் சாப்பிட்டேன். மறுநாள் காலை பால் பார்க்கும்போது அந்தச் சந்தோஷத்தைக் காணவில்லை. ஒரு கேனைத் திறந்து முகர்ந்து, நல்ல பாலைத் தண்ணீர்ப் பால் என்றுவிட்டேன். கருவி வைத்துப் பார்த்த பையன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். கொண்டுவந்த அம்மாள் சண்டை பிடித்தாள். அவள் சண்டை பிடித்தது நியாயம்தான்.

திங்கள் முழுக்க ஒரே நினைப்பு. அவள் சோம்பேறி, தேய்க்க மாட்டாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவளுடைய சோம்பேறித்தனத்தை நம்பி நான் சாமி கும்பிட்டது அதுதான் முதல் தடவை. செவ்வாய்க்கிழமை போனை எடுத்து அவள் எண்ணை இரண்டு முறை அழுத்தி, மணி அடிப்பதற்குள் நிறுத்தினேன். தேய்க்காதே என்று சொல்ல ஒரு நிமிடம் போதும். அப்புறம் ஏன் தேய்க்கச் சொன்னீர்கள் என்று அவள் கேட்பாள். மறந்துவிட்டேன், தெரியாமல் சொல்லிவிட்டேன் என்று சொல்லலாம். ஊர் முழுவதும் என் கண்ணைப் பற்றிப் பேசுகிறது, நான் எப்படித் தெரியாமல் சொல்வேன்?

புதன்கிழமை பால் முடிந்ததும் பஸ் ஏறினேன். வழியெல்லாம், இன்னும் தேய்த்திருக்க மாட்டாள், கவரை வாங்கிக்கொண்டு, நானே சுத்தம் செய்துகொள்கிறேன் என்று சொல்லிவிடலாம் என்று கணக்குப் போட்டேன். அப்படிச் செய்தால் யாருக்கும் எதுவும் தெரியாது. காசும் தப்பிக்கும், நானும் தப்பிப்பேன்.

அவளுக்கு அன்று மதிய ஷிப்ட். வீட்டில்தான் இருந்தாள். என்னைப் பார்த்ததும் வாசலுக்கு ஓடி வந்து கையைப் பிடித்தாள். அவள் விரல் நுனிகள் கன்னங்கரேலென்று இருந்தன.

"நல்ல நேரத்துக்கு வந்தீங்கக்கா. நானே கொண்டாரலாம்னு இருந்தேன். இங்க பாருங்க."

சாப்பாட்டு மேசைமேல் ஒரு எவர்சில்வர் தட்டில் ஐந்து ரூபாயும் வரிசையாக இருந்தன. பளபளவென்று, வெள்ளைவெளேரென்று. பக்கத்தில் திருநீற்றுக் கிண்ணமும், கறுத்துப்போன ஒரு துணியும்.

"நேத்து உக்காந்தனுங்கக்கா. மூணு மணி நேரம். அந்தக் கருப்பு போவனான்னுச்சு. உங்களாட்டம் எனக்குக் கை வராதுன்னுதான் ரெண்டு வாட்டி தேச்சேன். எப்படி, செரியா இருக்குதா?"

நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். லென்ஸ் கைப்பைக்குள்ளேயே இருந்தது. எடுக்கவில்லை.

"அந்த ஏலக்காரர் வேற என்னமோ சொன்னாருங்க" என்றாள், தண்ணீர் கொண்டுவந்து வைத்தபடி. "நானும் உங்க குழுவுல இருக்கறேன்ல. எனக்கு ஒண்ணும் புரியாது, எங்கக்கா எழுதுனதுன்னு கம்பெனியில எல்லார்த்துக்கும் காட்டறதுக்குத்தான் சேந்தேன். தேய்க்கறதுக்கு முன்னால அவருக்கு ஒரு போட்டோ அனுப்பிப் பாத்தேன். தொடவே தொடாதீங்கம்மா, அப்படியே குடுங்கன்னு ஒரே சத்தம். முன்னப்பின்ன தெரியாத ஆளு. அவர் சொன்னாருன்னு உங்க பேச்சத் தட்ட முடியுமா? நீங்க சொன்னா செரியாத்தான் இருக்கும்னு தேச்சுப்போட்டேன்."

பஸ்ஸில் போட்ட கணக்கெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை.

"அவர் சொன்னதுதான் செரி" என்றேன்.

அவள் சிரித்தாள். நான் ஏதோ விளையாடுகிறேன் என்று நினைத்தாள்.

"தேச்சது தப்பு. அப்படியே குடுத்திருந்தா உனக்கு ஸ்கூட்டரும் வந்திருக்கும், அதுக்கு மேலயும் வந்திருக்கும். அந்த மாதிரிக் காசை நான் பாத்ததே இல்ல. இப்ப வெறும் வெள்ளி வெலைதான்."

"அன்னிக்குத் தெரியாதுங்களாக்கா?"

"தெரியும்."

"தெரிஞ்சேவா தேய்க்கச் சொன்னீங்க?"

"தெரிஞ்சேதான். என்னுது கெட்டுப் போச்சு, உன்னுது நல்லா இருந்துச்சு. பொறுக்கல."

அவ்வளவுதான் சொன்னேன். அதற்குமேல் சொல்ல வேறொன்றும் உண்மையில் இல்லை. அவள் அழுவாள், கத்துவாள், கொழுந்தனாரைக் கூப்பிடுவாள் என்று எதிர்பார்த்தேன். ஒன்றும் செய்யவில்லை. தன் விரல்களைப் பார்த்தாள். எழுந்து போய்க் குழாயைத் திறந்து வெகுநேரம் சோப்புப் போட்டுக் கழுவினாள். திரும்பி வந்தபோதும் நகக்கண்ணில் கறுப்பு இருந்தது.

வித்தியாசத்தை நான் கொடுத்துவிடுகிறேன் என்றேன். என் வளையலைக் கழற்றப் போனேன்.

"அதெல்லாம் வேண்டாமுங்க" என்றாள். "நெலை எழுதிக் குடுங்க. விக்கத்தானே வந்தேன்."

எழுதினேன். அவள் எதிரில் நின்றுகொண்டிருக்க, லென்ஸை எடுத்து, ஒவ்வொன்றாகப் பார்த்தேன். காது முடி முழுதாக இருந்தது. மகுடத்துக் கற்கள் முழுதாக இருந்தன. அதற்குமேல் புதுக் கீறல்கள், குறுக்கும் நெடுக்கும், பழகாத கை என்று பார்த்தாலே தெரிந்தது. ஐந்து முறை 'தேய்க்கப்பட்டது' என்று எழுதினேன். அவள் காகிதத்தை வாங்கி ஒருமுறை படித்துவிட்டு மடித்து வைத்துக்கொண்டாள்.

"பன்னெண்டு மணிக்கு ஒரு பஸ் இருக்குதுங்க" என்றாள். வாசல் வரை வரவில்லை.

அடுத்த வாரம் ஏலக்காரர் கூப்பிட்டார். "உங்க சொந்தக்காரங்கதானுங்களாமா அந்த எலப்புள்ளி அம்மா. போட்டோவுல பாத்து எனக்குத் தூக்கமே வல்லீங்க. இப்ப வந்து பாத்தா வழிச்சு எடுத்து வெச்சிருக்காங்க. யாருங்க தேய்க்கச் சொன்னது? கேட்டா அவங்க, நானாத்தான் தேச்சேங்கறாங்க."

நான்தான் சொன்னேன் என்றேன். அவர் செரிங்கம்மா என்று வைத்துவிட்டார். அதற்குப் பிறகு அவர் என்னிடம் அனுப்புகிற ஆட்கள் குறைந்துவிட்டார்கள். யாரிடமும் காரணம் சொல்லவில்லை என்று நினைக்கிறேன். என் பெயரைக் காப்பாற்ற அவளும் சொல்லவில்லை, அவரும் சொல்லவில்லை. நானே சம்பாதித்தது என்று நினைத்திருந்த பெயர் இப்போது இரண்டு பேர் தயவில் நிற்கிறது.

இந்தத் தைப்பொங்கலுக்கு அவர்கள் வரவில்லை. கொழுந்தனார் மட்டும் வந்து, அவளுக்கு ஷிப்ட் என்றார். ராத்திரி ஷிப்டும் சேர்த்துப் பார்க்கிறாளாம். அப்படி ஆறேழு மாதம் பார்த்து ஸ்கூட்டர் வாங்கிவிட்டாள். இதையும் கொழுந்தனார்தான் சொன்னார்.

போன மாதம் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு எலப்புள்ளிக்குப் பக்கத்தில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன். நல்ல வெயில். பச்சை நிற ஸ்கூட்டர் ஒன்று வந்தது. அவள்தான் ஓட்டினாள். கம்பெனிச் சீருடை, தலையில் ஹெல்மெட். என்னைப் பார்த்தாள். வேகத்தைக் கொஞ்சம் குறைத்து, பெரியவர்களைப் பார்த்தால் செய்வதுபோலத் தலையை அசைத்துவிட்டு, நிற்காமல் போனாள். பின்னால் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். கூட வேலை செய்கிறவளாக இருக்கும். அவள் இடுப்பைச் சுற்றிக் கை போட்டுக்கொண்டு காதில் ஏதோ சொன்னாள். என் ஓரகத்தி அந்தப் பழைய சிரிப்பைச் சிரித்தது எனக்கு ரோட்டின் இந்தப் பக்கம் வரை கேட்டது. பின்னால் உட்கார்ந்திருந்தவள் யாரென்று எனக்குத் தெரியாது. முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை. பஸ் வரும்வரை அந்தப் பெண்ணை நினைத்துத்தான் எனக்கு வயிறு எரிந்துகொண்டிருந்தது.